ரீட்லைனுடன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல்: பினாங்கிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் 2009ஆம் ஆண்டு நான் வேலைக்குச் சேர்ந்தபோது, நாங்கள் பராமரித்த சேவையகங்களில் பாதி கோலாலம்பூரில் இருந்தன. இரவுப் பணியில் இணைப்பு மந்தமாகிவிடும். ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற அரை நொடி ஆகும். நீண்ட கட்டளையொன்றின் தொடக்கத்தில் விட்டுப்போன ஒரு சொல்லைச் சேர்ப்பதற்காக இடது அம்பு விசையைத் தட்டிக்கொண்டே இருந்த என்னைப் பார்த்துப் பக்கத்து மேசை அண்ணன், "தம்பி, அம்பை விடு. கண்ட்ரோல் ஏ அடிச்சா வரி தொடக்கத்துக்குப் போயிடும். ஆல்ட் எஃப் அடிச்சா சொல் சொல்லா நகரும்" என்றார். அது பாஷ் என்னும் கட்டளைச் சூழல் தரும் வசதி என்றே சில மாதங்கள் எண்ணியிருந்தேன். பிறகு ஜிடிபி பிழைத்திருத்தியில் அதே விசைகள் அப்படியே வேலை செய்தபோதுதான், இரண்டுக்கும் அடியில், தட்டும் வரியைத் திருத்த உதவும் ரீட்லைன் என்னும் ஒரே நிரலகம் இருப்பது தெரிந்தது.

ரீட்லைன் க்னூ திட்டத்தின் கட்டற்ற மென்பொருள். பிரையன் ஃபாக்ஸ் அதை பாஷ் நிரலுக்காக எழுதினார். பல்லாண்டுகளாக பாஷையும் ரீட்லைனையும் செட் ரேமி பராமரித்து வருகிறார். அது இல்லாத இடத்தில் நிலைமை எப்படியிருக்கும் என்பதை ஒரு வணிகத் தரவுத்தளத்தின் கட்டளை நிரலில் கண்டேன். அங்கே அம்பு விசையை அழுத்தினால் இடஞ்சுட்டி நகராது. பொருளற்ற குறியீடுகள் வரியில் விழும். பிழை வரியின் நடுவில் இருந்தால், அதற்குப் பின்னால் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு மீண்டும் தட்ட வேண்டும். இத்தகைய நிரல்களை ஆர்எல்ராப் என்னும் சிறு கருவியின் வழியாக இயக்கினால் ரீட்லைனின் வசதிகள் அவற்றுக்கும் கிடைத்துவிடும் என்பதைக் கண்டறிந்த வாரத்தில், எங்கள் பிரிவில் எல்லாருடைய கணினியிலும் அதை நிறுவிக் கொடுத்தேன்.

அன்றாடம் நான் நம்பியிருப்பவை சில விசைகளே. கண்ட்ரோல் ஆர் அழுத்தி மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டினால், முன்பு இட்ட கட்டளைகளில் அந்த எழுத்துகளைக் கொண்டது தேடி வரும். ஆல்ட் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் முந்தைய கட்டளையின் கடைசிச் சொல் வந்து அமரும். ஒரு கோப்பைப் பார்த்துவிட்டு அதையே அடுத்துத் திருத்த வேண்டிய போதெல்லாம் இது கைகொடுக்கிறது. கண்ட்ரோல் கே, கண்ட்ரோல் யூ ஆகியவற்றால் வெட்டியது தொலைந்துபோவதில்லை. கண்ட்ரோல் ஒய் அதை மீட்டுத் தரும். பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீண்ட கட்டளையைப் பாதி தட்டிய நிலையில் வேறொன்றைச் சரிபார்க்க வேண்டியிருந்தால், ஆல்ட் விசையுடன் எண்குறியை (#) அழுத்துங்கள். அந்த வரி இயங்காமல் குறிப்புரையாக மாறி, முன்பு இட்ட கட்டளைகளின் வரலாற்றில் சேமிக்கப்படும். திரும்பி வந்து எடுத்துக்கொள்ளலாம். இதை அறிவதற்கு முன் எத்தனை பாதிக் கட்டளைகளைக் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறேன்!

இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது, முகப்பு அடைவில் புள்ளியுடன் தொடங்கும் இன்புட்ஆர்சி என்னும் சிறு உரைக்கோப்பை. மேல் அம்பு விசைக்கு வரலாற்றில் முன்னொட்டைக் கொண்டு தேடும் செயலை அதில் இணைத்திருக்கிறேன். இரண்டு எழுத்துகளைத் தட்டி மேல் அம்பை அழுத்தினால், அவற்றில் தொடங்கிய பழைய கட்டளைகள் மட்டும் ஒவ்வொன்றாக வரும். டாப் விசையால் பெயரை நிரப்பும்போது பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருக்கவும், பொருந்துவன பலவாக இருந்தால் முதல் தட்டிலேயே காட்டவும் இன்னும் இரண்டு வரிகள். கோப்பைத் திருத்திய பின் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் ஆர் என அடுத்தடுத்து அழுத்தினால் உடனே நடைமுறைக்கு வந்துவிடும். ஒருமுறை எழுதிய இந்த அமைப்பு பாஷிலும், ஜிடிபியிலும், ரீட்லைனுடன் கட்டப்பட்ட தரவுத்தள நிரல்களிலும் ஒன்றாகவே செயல்படுவதால், நிரலுக்கு நிரல் கையை மாற்றிப் பழக்க வேண்டிய தேவை எனக்கு ஏற்படவில்லை. மூன்று முறை வேலை மாறியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்தக் கோப்பு என்னுடன் வந்திருக்கிறது.

ஒட்டுதல் தொடர்பாக ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. நண்பர் ஒருவர் செய்தியில் அனுப்பிய ஆறு வரிகளை, படித்துப் பார்த்துவிட்டு இயக்கலாம் என்று எண்ணி ஒரு சேவையகத்தில் ஒட்டினேன். ஒவ்வொரு வரி முறிவும் என்டர் விசையாகக் கொள்ளப்பட்டு ஆறும் கண்முன்னே இயங்கி முடிந்தன. அவற்றுள் ஒன்று அங்கே இயங்கக் கூடாத அழிப்புக் கட்டளை. காப்புப்படி இருந்ததால் அன்றிரவே மீட்க முடிந்தது. ஒட்டப்பட்ட உரையையும் தட்டப்பட்ட உரையையும் பிரித்தறியும் வசதி 2016இல் வந்த ரீட்லைன் 7.0 பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2020 டிசம்பரில் வந்த 8.1 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. அந்த ஒரு மாற்றத்துக்காகவே பழைய சேவையகங்களைப் புதுப்பிக்கச் சொல்லி மேலாளரிடம் வாதாடினேன். புதுப்பிக்க முடியாதவற்றில் 7.0 இருந்தால், இன்புட்ஆர்சியில் ஒரு வரி போதும்.

குறைகள் இல்லாமல் இல்லை. வரலாற்றில் முன்னோக்கித் தேடும் கண்ட்ரோல் எஸ் விசையை, வெளியீட்டை நிறுத்திவைக்கும் பழைய வழக்கத்தின்படி கட்டளைகளைத் தட்டும் சாளரமான முனையமே பிடித்துக்கொள்கிறது. திரை உறைந்துவிட்டது என்று புதியவர்கள் பதறுவார்கள். கண்ட்ரோல் கியூ அழுத்தினால் விடுபடும். மேக் கணினிகளில் ரீட்லைன் என்ற பெயரில் கிடைப்பது பிஎஸ்டி மரபைச் சேர்ந்த லிப்எடிட் என்பதால், என் அமைப்புக் கோப்பை அது கண்டுகொள்வதில்லை. பைத்தான் 3.13 பதிப்பிலும் ஊடாட்டச் சூழல் தன் சொந்தத் திருத்தியோடு வந்தபோது, பழகிய சில விசைகளை இழந்தேன்.

லிப்எடிட் போன்ற மாற்றுகள் நிலைத்திருப்பதற்கு உரிமமும் ஒரு காரணம். ரீட்லைன் ஜிபிஎல் என்னும் க்னூ பொது உரிமத்தில் வருகிறது. அதை இணைத்து வெளியிடும் நிரலும் ஜிபிஎல்லுக்கு இசைவாக இருக்க வேண்டும். 1992இல் இதன் பொருட்டு ரிச்சர்ட் ஸ்டால்மனுடன் நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பின்னரே சிலிஸ்ப் என்னும் லிஸ்ப் நிரல் ஜிபிஎல்லுக்கு மாறியது. இந்தக் கண்டிப்பு மிகையானது என்று கருதும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஒரு நல்ல கருவியின் பயனைப் பெறுபவர் தம் உழைப்பையும் அதே உரிமையோடு பகிர வேண்டும் என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

எனக்கு உண்மையில் மனக்குறை தருவது தமிழ் எழுத்துகளை அது கையாளும் விதம். வார இறுதிகளில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பழைய தமிழ்ப்பள்ளி ஆண்டுமலர்களை வருடிச் சேமித்து வருகிறேன். கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயரிடுகிறோம். என் லினக்ஸ் கணினியில் "கி" என்று தட்டி ஒருமுறை பின்னழித்தால் இகரக் குறி மட்டும் நீங்கி "க" எஞ்சும். "கீ" என்று தட்டி அழித்தாலோ எழுத்து முழுவதும் போய்விடும். காரணம் யூனிகோடின் வகைப்பாடு. இகரக் குறி இடம் பிடிக்கும் குறியாகவும், ஈகாரக் குறியும் புள்ளியும் இடம் பிடிக்காத குறிகளாகவும் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அகலம் சுழியமான குறிகளை ரீட்லைன் முந்தைய எழுத்தோடு சேர்த்தே எண்ணுகிறது. மெய்யெழுத்தை ஒரே தட்டில் அழிப்பது நமக்கு இயல்பாகத் தோன்றினாலும், குறிலுக்கு ஒரு நீதி நெடிலுக்கு ஒரு நீதி என்பதற்குக் கை பழக மறுக்கிறது. முனையமும் தன் பங்குக்கு அகலத்தை வேறு விதமாகக் கணக்கிட்டால், இடஞ்சுட்டி காட்டும் இடம் ஒன்றாகவும் அழியும் எழுத்து வேறாகவும் ஆகிவிடுகிறது.

ஆகவே தமிழ்ப் பெயர்களைக் கட்டளை வரியில் திருத்துவதை நாங்கள் நிறுத்திவிட்டோம். முதல் எழுத்தைத் தட்டி டாப் விசையால் நிரப்புகிறோம். அதற்கும் அடங்காதபோது பாஷில் கண்ட்ரோல் எக்ஸ், கண்ட்ரோல் ஈ என அழுத்தி, வரி முழுவதையும் உரைத்திருத்தியில் திறந்து திருத்துகிறோம். அங்கிருந்து சேமித்து வெளியேறிய உடனே கட்டளை இயங்கிவிடும் என்பதால், வெளியேறுவதற்கு முன் இன்னொருவரை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்கிறோம்.