பனிமேல் பழி போட்டு விற்கும் ‘200 வாட்ஸ்’ ஆம்ப்: மலையில் இருப்பவர்கள் கவனம்

கோத்தகிரிப் பக்கம் ஒரு வீட்டில் ஹாலுக்கு இரண்டு, வராந்தாவுக்கு இரண்டு என்று நான்கு ஸ்பீக்கர் பாக்ஸ் மாட்டி, ‘200 வாட்ஸ்’ ஸ்டிக்கர் ஒட்டிய அசெம்பிள் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்கள். இருபது நிமிடம் பாடும், சத்தம் அறுந்துவிடும், சற்று நேரத்தில் தானே திரும்ப வரும். மாட்டியவரைக் கேட்டால் “இந்த ஊர் பனிக்கு எந்த செட்டும் தாங்காதுங்க” என்பதே பதில். அது பொய்.

ஈரத்தால் வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும். ஐப்பசி மழையில் டெர்மினல் பச்சை பூக்கும், வால்யூமைத் திருகினால் கரகரக்கும், ஆன் செய்ததும் ஒரு பக்கம் பாடாது. செட் சூடேறி ஈரம் காய்ந்தால் சத்தம் ஓரளவு சரியாகலாம். சூடேறிய பிறகு அறுந்து, ஆறியதும் பாடினால் குற்றவாளி பனி இல்லை. ஆம்ப் தாங்காத பளுவை இழுக்கிறது, உள்ளே சத்தத்தைப் பெருக்கும் ஐசி (சிப்) தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது.

மூடியைத் திறந்தால் உள்ளே சேனலுக்கு (இடது, வலது பக்கத்துக்கு) ஒரு 4440 ஐசி, பிரிட்ஜ் முறையில்; அதாவது ஐசியின் இரண்டு பாதியும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும். 13.2 வோல்ட்டில், 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு அது தருவது 19 வாட்ஸ்தான், அதுவும் 10 சதவீத ஒலிச் சிதைவோடு. டிரான்ஸ்ஃபார்மர் 12-0-12 (இரு கோடி முனைக்கும் இடையே 24 வோல்ட்), 3 ஆம்பியர். தாராளமாகக் கணக்குப் போட்டாலும் 24 × 3 = 72 வாட்ஸ். 72 வாங்கும் பெட்டி 200 கொடுக்காது. ஸ்டிக்கரில் இருந்தது பிஎம்பிஓ என்னும் ஊதிப் பெருக்கிய உச்சக் கணக்கு; அந்த எண்ணால் எதையும் அளக்க முடியாது. ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்ஸ்) எவ்வளவு, எத்தனை ஓம்ஸில் என்பதை மட்டும் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒயரிங். சேனலுக்கு இரண்டு 4 ஓம்ஸ் பாக்ஸை ஒரே டெர்மினலில் முறுக்கியிருந்தார்கள். இப்படிப் பேரலலில் போட்டால் அது 2 ஓம்ஸ்; ஓம்ஸ் (மின்தடை) குறையக் குறைய ஆம்புக்குப் பளு கூடும். பிரிட்ஜ் போட்ட 4440-க்கு 4 ஓம்ஸுக்குக் கீழே போகக்கூடாது. ஆம்பிலிருந்து ஒயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 8 ஓம்ஸ் பாக்ஸ் 6 அல்லது 7 காட்டும், 4 ஓம்ஸ் பாக்ஸ் 3-க்கு மேல் காட்டும். 2-க்குக் கீழே வந்தால் ஆம்பை ஆன் செய்யாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு பாக்ஸ் என்றால் சீரிஸில் போடலாம்: முதல் பாக்ஸின் கருப்பு முனையை இரண்டாவதின் சிவப்புக்கு, மிச்சமுள்ள இரண்டு முனையை ஆம்புக்கு. இரண்டு 4 சேர்ந்து 8 ஓம்ஸ் ஆகும். சத்தம் குறையும், ஆம்ப் பிழைக்கும்.

பிரிட்ஜ் ஆம்பில் கருப்பு ஒயரும் கிரவுண்ட் (பெட்டியோடு சேரும் பொது முனை) இல்லை. ஒயர் மிச்சம் பிடிக்க இரண்டு சேனல் கருப்பையும் ஒன்றாக முடிந்தாலோ, பெட்டியின் தகரத்தில் பட்டாலோ ஐசி போய்விடும். வராந்தா வரை 10 மீட்டர் இழுப்பதானால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வாங்குங்கள். கத்தியால் சுரண்டி உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால், அது செம்புப் பூச்சு போட்ட அலுமினியம்; திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆர்எம்எஸ் வாட்ஸ், ஓம்ஸ் இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். பழைய ஸ்டிக்கரைப் பிய்த்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி.