ஒரே ஒரு மேட்ச் என்றால் ஃபென்வேயா, ரிக்லியா?

போன பிப்ரவரியில் மச்சினன் ஃபோன் செய்தான். ஆபீஸ் வேலையாக அமெரிக்கா வருகிறானாம். பாஸ்டனில் ஒரு வாரம், சிகாகோவில் ஒரு வாரம். "அத்தான், ஒரு பேஸ்பால் மேட்ச் பார்த்துடணும். ஒன்னே ஒன்னுதான். ரெண்டு பார்க்கிற அளவுக்கு எனக்குப் பொறுமை கிடையாது. எந்த ஊர்ல டிக்கெட் போடட்டும்?"

"சிகாகோ" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எந்த மாதம் வருகிறான் என்று கேட்கவில்லையே என்பது ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த மாதக் கதைக்குக் கடைசியில் வருவோம்.

வேறு எந்த இரண்டு ஊராக இருந்தாலும் இவ்வளவு யோசனை வேண்டாம். பெரிய லீக் மைதானங்களில் இன்றும் ஆட்டம் நடப்பவற்றில் மிகப் பழையது பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் ஃபென்வே பார்க், 1912. அடுத்தது சிகாகோ கப்ஸ் அணியின் ரிக்லி ஃபீல்டு, 1914. மூன்றாவது இடத்தில் இருக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர் ஸ்டேடியம் 1962-ல்தான் வந்தது. நடுவில் கட்டியவற்றைக் கிட்டத்தட்ட எல்லாமே இடித்துத் தள்ளிவிட்டார்கள். மிச்சம் இந்த இரண்டுதான். இரண்டுமே நெருக்கமான குடியிருப்புத் தெருக்களுக்கு நடுவே, கார் நிறுத்தக்கூட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.

ஃபென்வேயில் முதலில் கண்ணில் படுவது சுவர். இடது பக்க எல்லையில் 37 அடி உயரத்துக்குப் பச்சை நிறத்தில் நிற்கும் அதற்கு ஊரார் வைத்த பெயர் 'கிரீன் மான்ஸ்டர்', பச்சைப் பூதம். அழகுக்காகக் கட்டியது இல்லை அது. அந்தப் பக்கம் லான்ஸ்டவுன் தெரு முட்டிக்கொண்டு வருகிறது. மைதானத்தை அதற்கு மேல் நீட்ட வழியில்லை. வெளியே நிற்பவர்கள் ஓசியில் ஆட்டம் பார்க்காமல் இருக்கச் சுவர் எழுப்பினார்கள். 1947 வரை அதில் விளம்பரங்கள்தான். பிறகுதான் பச்சை அடித்தார்கள்.

அந்தச் சுவர் ஆட்டத்தை என்ன செய்கிறது என்று ஒரே ஒரு பந்தை வைத்துச் சொல்கிறேன். பேட்டர் இடது பக்கம் உயரத் தூக்கி அடிக்கிறார். மற்ற ஊராக இருந்தால் ஃபீல்டர் பின்னாலேயே ஓடுவார், பந்து அவர் தலைக்கு மேல் எல்லையைத் தாண்டிப் போய்விடும், ஹோம் ரன். நம் சிக்ஸர் மாதிரி; பேட்டர் நான்கு பேஸையும், அதாவது ஓடித் தொட வேண்டிய நான்கு இடங்களையும், நிதானமாகச் சுற்றி வரலாம். இங்கே ஃபீல்டர் பாதியிலேயே நின்றுவிடுகிறார். பேட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். 'டொம்' என்று ஒரு சத்தம். பந்து சுவரின் முக்கால் உயரத்தில் பட்டுத் துள்ளி அவர் கைக்கே வருகிறது. அவர் திரும்பி இரண்டாவது பேஸுக்கு எறிவதற்குள் பேட்டர் முதல் பேஸிலேயே நின்றுவிட வேண்டியதுதான். வேறு ஊரில் நான்கு பேஸ் கொடுத்திருக்கும் அடிக்கு இங்கே ஒரே ஒரு பேஸ்.

தலைகீழாகவும் நடக்கும். பேட்டர் நிற்கும் இடத்திலிருந்து இடது மூலை வெறும் 310 அடி தூரம்தான், நம் கணக்கில் 94 மீட்டர். மற்ற மைதானங்களில் சுலபமான கேட்ச்சாக முடியும் பந்து இங்கே சுவரின் உச்சியை உரசிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடும். ரெட் சாக்ஸின் பழைய ஃபீல்டர் கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி இந்தச் சுவரை மனப்பாடம் செய்தவர் என்பார்கள். எங்கே பட்டால் எப்படித் துள்ளும் என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடும் என்பது என் அனுபவம். பிட்சர் எப்படி வீசினார், ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதெல்லாம் முதல் நாளிலேயே விளங்காது. சுவரில் பந்து பட்டால் என்ன நடக்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும்.

சுவரின் அடியில் ஸ்கோர்போர்டு. இன்றும் கையால் மாற்றுவதுதான். உள்ளே ஆள் இருக்கிறார். எண் பலகையைச் செருகும் இடுக்கு வழியாகச் சில நேரம் ஒரு கண்ணோ விரலோ தெரியும். அந்தப் போர்டில் மேலிருந்து கீழாகச் சில புள்ளிகளும் கோடுகளும் உண்டு. பழைய உரிமையாளர் டாம் யாக்கி, அவர் மனைவி ஜீன் இருவருடைய பெயரின் முதலெழுத்துகள், மோர்ஸ் தந்தி மொழியில். வலது மூலையில் 302 அடியில் ஒரு மஞ்சள் கம்பம். அதற்குப் பெயர் 'பெஸ்கி கம்பம்'. ஆனால் அந்த ஜானி பெஸ்கி என்ற பழைய ஆட்டக்காரர் வாழ்நாளில் அடித்ததே 17 ஹோம் ரன்தான். கூரையில்லாத திறந்த கேலரியான ப்ளீச்சரில் பச்சை நாற்காலிகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சிவப்பு: 42-ஆம் பகுதி, 37-ஆம் வரிசை, 21-ஆம் இருக்கை. 1946 ஜூன் 9 அன்று ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து அங்கே உட்கார்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியைத் துளைத்தது. அந்த நாற்காலியிலிருந்து பேட்டர் நிற்கும் இடத்தைப் பார்த்தால் நம்பவே முடியாது.

ரிக்லி இப்படிக் கோணல் மாணலாக இருக்காது. ஒரு பக்கம் 355 அடி, மறுபக்கம் 353, நடுவில் 400. விசேஷம் சுவரில் இல்லை, சுவர்மேல் வளரும் கொடியில். 1937-ல் கப்ஸ் அணியில் வேலை பார்த்த பில் வெக் நட்டது. (அந்தக் கொடிக்குப் பெயர் 'பாஸ்டன் ஐவி' என்பது சிகாகோக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் இல்லை.) பந்து இலைக்குள் புகுந்து மாட்டிக்கொண்டால் ஃபீல்டர் இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றுவிட வேண்டும், நடுவர் இரண்டு பேஸ் கொடுப்பார். ஆசைப்பட்டுக் கையை விட்டுத் துழாவினால் ஆட்டம் தொடர்கிறது என்று அர்த்தம், பேட்டர் ஓடிக்கொண்டே இருக்கலாம். ஒரு செடிக்காக இப்படி ஒரு விதி!

ரிக்லியில் நிஜமாக ஆடுவது காற்றுதான். மிச்சிகன் ஏரி கூப்பிடு தூரம். ஏரியிலிருந்து காற்று உள்ளே அடித்தால் பலமான அடியெல்லாம் காற்றில் நின்று கேட்ச்சாக விழும். வெளிப்பக்கம் அடித்தால் சாதாரண அடியும் தெருவுக்குப் போகும். 1979 மே 17 அன்று காற்று வெளியே அடித்தது. பிலடெல்பியா 23 ரன், கப்ஸ் 22. பேஸ்பாலில் இது ரன் மழை. அதே இரு அணிகள் 1922-ல் அங்கே ஆடிய ஒரு ஆட்டம் 26-23. அதனால் ரிக்லிக்குள் போகும் எந்தப் பழைய ரசிகரும் முதலில் பார்ப்பது கம்பத்தில் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்பதை.

இங்கேயும் 1937-ஆம் வருஷத்து ஸ்கோர்போர்டு, கையால் மாற்றுவது. ஆட்டம் முடிந்ததும் அதன் உச்சியில் ஒரு கொடி ஏறும். ஜெயித்தால் வெள்ளையில் நீல நிற 'டபிள்யூ', தோற்றால் நீலத்தில் வெள்ளை 'எல்'. ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளத்தான். வேவ்லேண்ட், ஷெஃபீல்ட் தெருக்களில் எதிர்வீட்டு மொட்டை மாடிகளில் கேலரி கட்டி டிக்கெட் விற்கிறார்கள். பாஸ்டனில் தெருவுக்குப் பயந்து சுவர் எழுப்பினார்கள்; சிகாகோவில் தெருவே மாடி ஏறி உட்கார்ந்துகொண்டது.

1988 ஆகஸ்ட் வரை ரிக்லியில் மின்விளக்கே கிடையாது. 1941-ல் வாங்கிவைத்த சாமான்களை, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பின் போர்த் தேவைக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் 47 வருஷம் பகல் ஆட்டம் மட்டும்தான். விளக்கு போட்ட முதல் நாள், ஆகஸ்ட் 8, மழை வந்து ஆட்டத்தையே கலைத்தது. இன்றும் இரவு ஆட்டங்களின் எண்ணிக்கைக்கு நகராட்சி வரம்பு வைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் 1:20-க்கு ஆட்டம், மொத்த ஊரும் ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்தது போல ப்ளீச்சர் நிரம்பியிருக்கும். அங்கே பெரும்பாலும் இருக்கை எண் கிடையாது. முந்தி வந்தவர் முன்னால் உட்காரலாம். எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து உங்கள் கையில் கிடைத்தால் பத்திரப்படுத்த நினைக்காதீர்கள். மைதானத்துக்குள் திருப்பி எறியும்வரை சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள்.

உட்காரும் சுகத்தில் இரண்டுக்கும் பாஸ் மார்க் போட மனசு வரவில்லை. ஃபென்வேயின் கிராண்ட்ஸ்டாண்டில் இன்னும் 1930-களின் மர இருக்கைகள். முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். கூரையைத் தாங்கும் தூண்களுக்குப் பின்னால் இடம் கிடைத்தால் பிட்சர் தெரிவார், பேட்டர் தெரியமாட்டார், அல்லது இரண்டும் மாறி. வலது பக்கக் கோடியில் சில பகுதிகளில் நாற்காலி பேட்டரைப் பார்க்காமல் நடு மைதானத்தைப் பார்த்திருக்கும். மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பியே பார்க்க வேண்டும். ரிக்லியிலும் தூண் உண்டு. போதாததற்கு, கீழ்த்தளத்தின் பின்வரிசைகளில் மேல்தளம் கூரை போல மறைப்பதால் உயரப் போகும் பந்து பாதி வழியில் காணாமல் போகும். டிக்கெட் வாங்கும்போது 'பார்வை மறைப்பு' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். காசு இருந்தால் ஃபென்வேயில் 2003-ல் சுவரின் தலைமேலேயே அமைத்த இருக்கைகளுக்கு முயலலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும். மேட்ச் இல்லாவிட்டாலும் சுற்றிக் காட்டும் டூர் இரண்டிலும் உண்டு.

சாப்பாட்டில் சைவக்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்: வேர்க்கடலை, பிரெட்ஸல், பிரெஞ்சு ஃப்ரைஸ், பீட்சா. மற்றவர்களுக்கு சிகாகோ ஹாட் டாக் ஒரு படி மேல். கடுகு சாஸ், வெங்காயம், தக்காளி, ஊறுகாய் வெள்ளரி, மிளகாய் எல்லாம் அதில் உண்டு; கெச்சப் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

போக்குவரத்தில் ரிக்லிக்கு அரை மார்க் கூட. ரெட் லைனில் அடிசன் ஸ்டேஷனில் இறங்கினால் மைதானம் கண்ணெதிரே. பாஸ்டனில் கிரீன் லைன், கென்மோர் ஸ்டேஷன், அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. ஆனால் ஆட்ட நாளில் அந்த கிரீன் லைன் பெட்டியில் மூச்சு விட இடமிருக்காது.

இரண்டு மைதானத்துக்கும் பழைய கணக்கு ஒன்றும் உண்டு. பேஸ்பாலின் வருஷாந்திரக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரில், 1918-ல் இந்த இரண்டு அணிகளும்தான் மோதின. கப்ஸ் அப்போது தங்கள் சொந்த மைதானத்தை விட்டுவிட்டு, கூட்டம் அதிகம் பிடிக்கும் என்று அதே ஊரின் காமிஸ்கி பார்க்கில் ஆடியது. பேப் ரூத் பந்து வீசிய ரெட் சாக்ஸ் ஜெயித்தது. அடுத்த 86 வருஷம், 2004 வரை, அவர்களுக்கு மறுபடி கோப்பை கிடைக்கவில்லை. கப்ஸ் கதை இன்னும் மோசம்: 1908-க்கு அப்புறம் 2016-ல்தான், அதுவும் கிளீவ்லாந்தில் ஜெயித்தது. ரிக்லி மண்ணில் கப்ஸ் உலகத் தொடரை வென்று முடித்ததே இல்லை. அப்படியும் அங்கே வருஷம் தவறாமல் கூட்டம் வருகிறது. என் மனசு ரிக்லி பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி மாதத்துக்கு வருவோம். மறுபடி ஃபோன் செய்து கேட்டேன். "ஏப்ரல் நடுவுல பாஸ்டன், கடைசி வாரம் சிகாகோ" என்றான்.

ஏப்ரலில் ரிக்லியின் ஐவிக் கொடி வெறும் குச்சி. மே பாதி தாண்டினால்தான் பச்சை பிடிக்கும். ஏரிக் காற்றில் ப்ளீச்சரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் சென்னையிலிருந்து வருகிறவன் தாங்கமாட்டான். இலையும் வெயிலும் இல்லாத ரிக்லியைக் காட்டிவிட்டு 'இதுதான் ரிக்லி' என்று நான் எப்படிச் சொல்வேன்? ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சிகாகோ, பகல் ஆட்டம், ப்ளீச்சர். பாஸ்டனிலும் ஏப்ரல் குளிர்தான். ஆனால் சுவருக்கு இலை உதிர்காலம் கிடையாது. அது மட்டுமில்லை, ஏப்ரல் மூன்றாவது திங்கட்கிழமை அங்கே பேட்ரியட்ஸ் டே விடுமுறை. அன்று மட்டும் ரெட் சாக்ஸ் ஆட்டம் காலை 11 மணி வாக்கிலேயே தொடங்கிவிடும். முடிந்து வெளியே வந்தால் கென்மோர் சதுக்கத்தில் பாஸ்டன் மாரத்தான் ஓடிக்கொண்டிருக்கும், ஓடுகிறவர்களுக்கு இன்னும் ஒரு மைல்தான் பாக்கி. ஒரே டிக்கெட்டில் இரண்டு வேடிக்கை.

"அப்ப பாஸ்டனே போட்டுடறேன் அத்தான்" என்றான். பத்து நிமிஷம் கழித்து வாட்ஸ்அப்பில் இருக்கை வரைபடத்தை அனுப்பி, ஒரு கட்டத்தைச் சிவப்பில் வட்டமிட்டிருந்தான். கீழே ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி தூண் இருக்கா?"

இருந்தது. இரண்டு வரிசை முன்னால் மாற்றச் சொன்னேன்.