டார்த் வேடர் பொம்மை: முகம் அற்புதம், உடைதான் உரிகிறது

"அண்ணே, பெட்டியே பிரிக்காத டார்த் வேடர் ஒண்ணு விலைக்கு வருது. பாதி ரேட்டுக்கு இறங்கிட்டாங்க. எடுத்துடலாமா?" என்று தெரிந்த தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. ஸ்டார் வார்ஸ் படங்களில் கறுப்பு முகமூடி போட்டு வரும் வில்லன்தான் டார்த் வேடர். அதே வேடர் பொம்மை என் அலமாரியில் சில வருஷங்களாக நிற்கிறது. அதன் பழைய உடையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது உடை மாட்டிய வேலை இப்போதுதான் முடிந்தது. ஆறில் ஒரு பங்கு அளவு, 35 சென்டிமீட்டர் உயரம், மாற்றுக் கைகள், ஒளிரும் வாள் எல்லாம் அவருக்கே தெரியும். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கோபத்தில் விட்டுப்போகும். அந்த முகம்! 1977-ல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துக்காக வேடரின் முகமூடியைக் கையால் வடித்தவர் பிரையன் மியூர் என்ற சிற்பி. கைவேலை என்பதால் இடது கன்னமும் வலது கன்னமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. நிறத்திலும் ஒரு சங்கதி உண்டு. திரையில் பார்ப்பவருக்கு அது முழுக் கறுப்பு. உண்மையில் கறுப்பும், துப்பாக்கி இரும்பின் கருஞ்சாம்பலும் மாறி மாறி வரும். இந்த இரண்டையும் பொம்மையில் அப்படியே பிடித்திருக்கிறார்கள். மேஜை விளக்கை ஒரு பக்கமாகத் திருப்பினால் கன்னமேடு மட்டும் சாம்பலாக மின்னும், வாய்ப்பக்கத்து முக்கோணம் இருட்டிலேயே கிடக்கும். இத்தனை நாள் கழித்தும் அதை ஒருமுறை பார்க்காமல் அந்த அறையைத் தாண்ட மனசு வருவதில்லை.

அப்புறம் அந்தக் கை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இடைவெளி விட்டு, எதையோ நசுக்கப் போவதுபோல் இருக்கும் ஒரு மாற்றுக் கை. டெத் ஸ்டார் என்ற விண்வெளிக் கோட்டையின் கூட்ட அறையில் மோட்டி என்ற அதிகாரியைத் தொடாமலே மூச்சுத் திணற வைக்கும் காட்சிக்கானது. அதை மாட்டி, முன்னங்கையைச் சற்று உயர்த்தி, தலையை இம்மியளவு சாய்த்துவிட்டால் போதும், எதிரில் ஒருவன் திணறிக்கொண்டிருப்பது நமக்கே தெரியும்.

நான் வில்லன்களை மட்டும் சேர்ப்பது இதற்காகத்தான். நாயகனின் பொம்மைக்கு நடிகரின் முகச்சாயல் அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேடருக்கு முகபாவமே கிடையாது. படத்தில் உடைக்குள் நின்றவர் டேவிட் பிரௌஸ், குரல் கொடுத்தவர் ஜேம்ஸ் எர்ல் ஜோன்ஸ். பொம்மைக்கு அந்த நடையும் இல்லை, அந்தக் குரலும் இல்லை. நிற்கிற தோரணையிலேயே அத்தனை அச்சமும் வந்தாக வேண்டும். இதில் வருகிறது.

இனி உடை.

ஒரு நாள் அங்கியைத் தூக்கித் தூசி தட்டும்போது பீடத்தின் மேல் கறுப்புத் துகள் கிடந்தது. முழங்கையின் உள்மடிப்பில் தலைமுடி கனத்தில் ஒரு வெடிப்பு. விரல் பட்டதுமே மேல்படலம் வெங்காயச் சருகாக உரிந்து வந்துவிட்டது. அடியில் சாம்பல் நிறத்தில் வெறும் பின்னல் துணி. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முழங்காலின் பின்புறம், அக்குள், இடுப்புப் பட்டை அழுத்துகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. கண்ணாடி அலமாரி, வெயில் படாத சுவர், ஈரம் உறிஞ்ச மாற்றி மாற்றி வைத்த சிலிக்கா ஜெல், கை காலை அதிகம் மடக்காத நிலை, எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியும் உரிந்தது.

காரணம் ரெக்சின். விளம்பரத்தில் 'தோல் போன்ற உடை' என்பார்கள். துணியின் மேல் பூசிய பாலியூரித்தேன் படலம்தான் அது. காற்றில் இருக்கும் ஈரம் அந்தப் படலத்தின் மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். சூடு அதை வேகப்படுத்தும். சென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பல வருஷம் போடாமல் வைத்திருந்த ஷூவின் அடிப்பாகம் திடீரென்று பொடிப்பொடியாக உதிர்கிறதே, பெரும்பாலும் அதுவும் இதே விஷயம்தான். கையே படாவிட்டாலும் நடக்கும். ஆகவே தம்பி, 'பெட்டி பிரிக்காதது' என்பதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டிருந்தால் அலமாரியில் இருப்பதைவிட மோசமாகவே இருக்கும்.

நியாயமாகச் சொன்னால், செய்தவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஆளுயர உடைக்கு வெட்டும் தோலை இந்த உயரத்துப் பொம்மைக்குப் போட்டால் மூட்டு மடங்காது, தொளதொளவென்று நிற்கும். ரெக்சினை மெல்லிசாகச் செய்யலாம், உடம்போடு ஒட்டி விழும். சரி. ஆனால் பாலியூரித்தேனிலேயே ஈதர் வகை என்று ஒன்று உண்டு, எஸ்டர் வகையைவிட ஈரத்தை நன்றாகத் தாங்கும். ஒரு நல்ல மொபைல் வாங்கும் காசை வாங்கிக்கொண்டு அதைக்கூடவா யோசிக்க மாட்டார்கள்? பெட்டியில் எச்சரிக்கையாக ஒரு வரி? அதுவும் இல்லை. என் எரிச்சல் அங்கேதான். 1978-ல் கென்னர் நிறுவனம் பிள்ளைகள் விளையாட விற்ற மூணே முக்கால் அங்குல வேடரை நினைத்துப் பாருங்கள். உடையே உடம்பாக வார்த்த பிளாஸ்டிக், மேலே ஒரு வினைல் அங்கி, கைக்குள் சொருகி இழுக்கும் வாள். அந்தப் பொம்மைகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. என் அலமாரியிலேயே வேடருக்குப் பக்கத்தில் ஜோக்கர் நிற்கிறார், 2008-ல் வந்த பேட்மேன் படத்தில் ஹீத் லெட்ஜர் போட்டுவந்த அந்த ஊதாக் கோட்டோடு. அதே அலமாரி, அதே ஈரம். துணிக் கோட்டு என்பதால் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

பழுது பார்த்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், எனக்கு அது பிடித்த பகுதி. பெரியமேட்டில் தோல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பதனிட்ட தோல் எல்லாம் அங்கே கிடைக்கும். கையுறைக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோலில் ஒரு துண்டு வாங்கினேன். தைத்துத் தந்தவர் தோல் ஜாக்கெட் தைப்பவர். பழைய உடையைத் தையல் பிரித்துக் காகிதத்தில் அளவெடுத்தார். ஓரங்களைக் கத்தியால் இன்னும் சீவி மெல்லிசாக்கினார். வேடரின் உடையில் வரிவரியாகப் புடைத்து வருமே, அதற்கு அடியில் கனத்த நூலை வைத்துத் தைத்தார். பொம்மைச் சட்டையின் கைக்குள் மெஷின் நுழையாது, அதனால் எல்லா வரியையும் தட்டையாக இருக்கும்போதே தைத்துவிட்டுக் கடைசியில்தான் கையை மூட்டினார். பார்த்துக்கொண்டே நின்றேன், அவ்வளவு நேர்த்தி.

முழங்கை இப்போது முன்போல முழுசாக மடங்காது, தோளும் ஒரு சுற்று தடித்திருக்கிறது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் அவ்வப்போது காற்றாட விட வேண்டும். ஆனால் உரியாது.

விலைக்கு வருகிறேன். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70. புதிதாக வரவழைப்பது கட்டுப்படியாகாமல்தான் எல்லாரும் கைமாறி வருவதைத் தேடுகிறோம். அதனால் அதே பழைய ரெக்சின்தான் ஊருக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. பாதி விலை என்பது அந்த உடை உரியப்போகிறது என்று தெரிந்தவர் வைத்த விலையாகவும் இருக்கலாம்.

எனவே என் பதில்: வேண்டாம். என் சேகரிப்பிலேயே மிகச் சிறந்த பொம்மை அதுதான் என்று நினைத்துக்கொண்டேதான் இதைச் சொல்கிறேன். மனசு கேட்கவில்லை என்றால், முழங்கையின் உட்பக்கத்தையும் முழங்காலின் பின்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பெட்டியைப் பிரிக்க மாட்டேன் என்று விற்பவர் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். துணி உடுத்திய வில்லன் எது வந்தாலும் கேளுங்கள், நானே கூட வந்து பார்க்கிறேன்.

என்னுடைய வேடரைத் தருவீர்களா என்றும் கேட்டிருந்தார். அது முடியாது.