குளிர்காலத்தில் கிட்டார் வாங்குகிறவர்களுக்கு: ‘இலவச செட்அப்’ வேண்டாம் என்று சொல்லுங்கள்

கனடாவில் இருப்பவர்கள் பனிக்காலத்தில் இணையத்தில் அகூஸ்டிக் கிட்டார் வாங்குவதாக இருந்தால், காசு கட்டும் முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். ஜனவரியில் எங்களுக்கு நடந்தது இது. பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

மகள் இதுவரை பிளைவுட் கிட்டாரில்தான் பழகி வந்தாள். அவளுக்கு ஒரு நல்ல வாத்தியம் வாங்கிக் கொடுக்கலாம் என்று வன்கூவரில் இருக்கும் ஒரு கடையில் ஓடர் செய்தோம். மேற்பலகை முழு ஸ்ப்ரூஸ் மரம், மேலே பூசியிருப்பது நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (சுருக்கமாக நைட்ரோ) என்ற பளபளப்புப் பூச்சு. குளிர்காலத்தில் அனுப்பலாமா என்று முதலிலேயே கேட்டோம். பயப்பட வேண்டாம் என்று சொல்லி, ‘விண்டர் பேக்கிங்’ என்று தனியாகவும் காசு வாங்கினார்கள். ஹார்ட் கேஸில் வைப்போம், மரம் காய்ந்துவிடாமல் உள்ளே ஈரப்பதன் பை போடுவோம், கம்பிகளைத் தளர்த்தி அனுப்புவோம், உங்கள் வாசலில் பனிக்குள் விட்டுப் போகமாட்டார்கள், ரொறன்ரோவில் எங்களோடு சேர்ந்து இயங்கும் கடைக்கு வரும், அங்கே இலவசமாக செட்அப், அதாவது கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்து வாசிக்கத் தோதாகச் சரிசெய்வது, செய்து தருவார்கள். இவ்வளவும் மின்னஞ்சலில் எழுத்தில் இருக்கிறது.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கடைசி வாக்குறுதிதான் கிட்டாரைக் கெடுத்தது.

கடைக்குப் போய் கேஸைத் திறந்து ஜன்னல் பக்கம் பிடித்தோம். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சற்றுச் சாய்த்ததும், ஒலித்துளைக்கும் பிரிட்ஜுக்கும் (கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும், மேற்பலகையில் ஒட்டிய மரத்துண்டு) நடுவில் மரத்தின் ரேகைகளுக்குக் குறுக்கே தலைமுடி போல மெல்லிய கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு காகித முனை உள்ளே நுழைந்தது, அதாவது ஒட்டு விடத் தொடங்கியிருந்தது. கேஸின் மூலையில் ஈரப்பதன் பை கிடந்தது. அதன் வெளி உறையைக்கூட யாரும் பிரிக்கவில்லை! காசு வாங்கிக்கொண்டு, மூடிய பையை அப்படியே உள்ளே போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

கேஸுக்குள் செட்அப் வேலைத்தாளும் இருந்தது. கிட்டார் கைக்கு வந்தது காலை 10.40, வேலை முடிந்தது 11.30 என்று அதில் எழுதியிருந்தது. கூரியரின் பதிவில் ஒப்படைத்த நேரம் 10.32. அன்று வெளியே மறை 17 பாகை. வன்கூவரில் ஜனவரியிலும் பொதுவாக உறைநிலைக்கு மேல்தான் இருக்கும். அங்கிருந்து லொறியில் ஏறி, இரவில் மறை 20க்கும் கீழே போகிற வினிபெக் பக்கமாக வந்த மரம் அது. அதை வந்து இறங்கிய கையோடு சூடான அறையில் திறந்து, கம்பிகளை முழுச் சுருதிக்கு முறுக்கியிருக்கிறார்கள். ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ இழுவிசை தரும். அதைத் தாங்குகிற மேற்பலகையின் தடிப்பு 3 மில்லிமீட்டர்கூட வராது.

லாக்கர் குளிரில் விறைத்துப் போகும். சட்டென்று சூடு பட்டால் மரம் ஒரு வேகத்தில் விரியும், பூச்சு வேறு வேகத்தில் விரியும். ஈடுகொடுக்க முடியாமல் பூச்சு வெடிக்கும். போதாததற்கு, குளிர்ந்த மரத்தின் மேல் அறைக் காற்றின் ஈரமும் வியர்த்து நிற்கும். கேஸ் மூடியபடி இருந்தால் இதெல்லாம் மெதுவாக நடக்கும், மரமும் பூச்சும் சேர்ந்தே சூடாகும். பெட்டியைத் திறக்காமல் 24 மணி நேரம் அறையில் வையுங்கள் என்று கிட்டார் செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். டெய்லர் நிறுவனத்தின் கிட்டார்களில் பெரும்பாலும் பூசப்படும் பாலியஸ்டர் பூச்சு ஓரளவு தாங்கும். கிப்சன் நிறுவனம் பூசுகிற நைட்ரோ தாங்காது. ஆனால் எந்தப் பூச்சானாலும் அடியில் இருப்பது மரம்தான். அது வெடித்தால் கோடு ரேகையோடு நீளமாக ஓடும். குறுக்குக் கோடு பெரும்பாலும் பூச்சின் வெடிப்பு. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் கடைக்காரரோடு கதைக்கும்போது உதவும்.

அப்புறம் தொடங்கியது பந்தாட்டம். நீங்கள்தான் வீட்டில் உடனே திறந்திருப்பீர்கள், வெப்பநிலையால் வரும் சேதத்துக்கு உத்தரவாதம் கிடையாது என்றது வன்கூவர் கடை. வரும்போதே இப்படித்தான் இருந்தது என்றது ரொறன்ரோ கடை. அப்படியானால் வேலைத்தாளில் ஏன் ‘குறை இல்லை’ என்ற கட்டத்தில் சரி போட்டீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வேலைத்தாளைப் படம் எடுத்து அனுப்பியதும் வன்கூவர் கடை வேறு ராகம் பாடத் தொடங்கியது. இது வெறும் தோற்றக் குறை, நைட்ரோ கிட்டாருக்கு இது அழகு, பழைய கிட்டார்களில் இதை விரும்பி வாங்குகிறார்கள் என்றார்கள். ஐம்பது வருடம் வாசித்த கிட்டாரில் காலம் போட்ட கோடு வேறு, புதுக் கிட்டாருக்கு முழு விலை வாங்கிக்கொண்டு ஒரே காலையில் போட்ட கோடு வேறு. மூன்று மாதமாக ஒரு கடையில் வேலை செய்து சேர்த்த காசையும் மகள் இதில் போட்டிருக்கிறாள். அவளிடம் போய் அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே, குளிர்காலத்தில் வாங்கினால் இடையில் யாரும் திறக்கக்கூடாது என்று ஓடரிலேயே எழுதச் சொல்லுங்கள். செட்அப் தேவையென்றால் அனுப்பும் முன் அவர்களே செய்யட்டும், அல்லது நீங்கள் பிறகு உள்ளூரில் செய்துகொள்ளலாம். 24 மணி நேரம் பொறுத்துத்தான் திறப்பேன், அதன் பிறகு சொல்லும் குறையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று மின்னஞ்சலில் ஒப்புதல் வாங்குங்கள். வியாழன், வெள்ளியில் அனுப்ப விடாதீர்கள். வார இறுதி முழுக்க ஏதோ ஒரு குளிர்ந்த கிடங்கில் கிடக்கும்.

பெட்டி வந்ததும் வெளிப்புறத்தை நாலு பக்கமும் படம் எடுங்கள். ஹீட்டர் காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். மறுநாள் மூடியைக் கொஞ்சமாகத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். இன்னும் சில்லென்று இருந்தால் மூடிவிடுங்கள். திறப்பதை முழுதாக வீடியோ எடுங்கள்.

திறந்த பிறகு அடுத்த எதிரி வறட்சி. மறை 18 பாகைக் காற்றை 21 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 10 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். கிட்டாருக்கு 45 முதல் 55 வேண்டும். கேஸுக்குள் ஒரு சிறிய ஈரப்பதன்மானி போட்டு வையுங்கள், விலை அதிகமில்லை. நெக்கில் (கிட்டாரின் கழுத்தில்) குறுக்காகப் பதித்திருக்கும் ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகளின் நுனிகள் ஓரத்தில் கையைக் கீறத் தொடங்கினால் மரம் காய்ந்து சுருங்குகிறது என்று அர்த்தம்.

இப்போது கடன் அட்டை வங்கியிடம் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். வேலைத்தாள், கூரியர் பதிவு, பிரிக்காத ஈரப்பதன் பையின் படம், ‘விண்டர் பேக்கிங்’ மின்னஞ்சல் எல்லாம் இணைத்தாயிற்று. ஸ்காபரோவில் கிட்டார் திருத்துகிற ஒருவரிடமும் காட்டினோம். பிரிட்ஜைக் கழற்றி மீண்டும் ஒட்டலாம், பூச்சில் விழுந்த கோடுகள் போகாது என்று எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தையும் சேர்த்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்து, வேலைத்தாள் கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நேரம் எழுதிய அந்த ஒரு தாள் இல்லையென்றால் எங்கள் பக்கத்தில் காட்ட எதுவுமே இருந்திருக்காது.