அடுக்குமாடியில் குப்பை தரம் பிரிப்பு: சில ஆண்டு அனுபவம்

மேலே வீடுகள், கீழ்த்தளத்தில் கடைகளும் சிறு அலுவலகங்களும் உள்ள கட்டடம் எங்களுடையது. பிரித்துக் கொடுத்தால்தான் குப்பையை எடுப்பார்கள் என்ற விதி வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. குடியிருப்போர் சங்கப் பொறுப்பில் இருந்து பார்த்தவரை, தொட்டிகளை எப்படி வைக்கிறோம் என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது.

உலர் குப்பைத் தொட்டி தனியாக நின்றால் அதில் எல்லாமே விழும். அவசரமாகப் போகிறவர் அடுத்த தொட்டியைத் தேடி நடக்கமாட்டார். ஈரக் குப்பைக்கும் உலர் குப்பைக்கும் உரிய தொட்டிகளை எல்லாத் தளங்களிலும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வரிசையில் வைத்தோம். காகிதத் தொட்டியின் மூடியில் நீளமான திறப்பு, பாட்டிலுக்கு வட்டத் துளை. ஒட்டிய நோட்டீஸ்களை விட இது அதிகம் பலன் தந்தது.

தீராத தலைவலி, ஈரக் குப்பையைப் பிளாஸ்டிக் பையோடு போடுவது. ‘மக்கும் பை’ என்று அச்சிட்டிருந்தாலும் நம்பவேண்டாம். பல வகைகள் பெரிய உரக்கூடங்களில் இருக்கும் 60 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் மக்கும். வாளியிலிருந்து நேராகக் கொட்டுவதே நல்லது. ஈரக் குப்பையை மக்கவைக்கும் உரத்தொட்டி நாறினால் காய்ந்த இலையோ மரத்தூளோ சேருங்கள். இவற்றில் மிகுந்துள்ள கார்பனும் ஈரக் குப்பையில் மிகுந்துள்ள நைட்ரஜனும் 30-க்கு 1 என்ற அளவை ஒட்டி இருந்தால் நாற்றம் அடங்கும்.

எண்ணெய் ஊறிய அட்டையைக் காகிதத்தோடு சேர்க்கக் கூடாது. உடைந்த கண்ணாடி டம்ளரும் பாட்டில் கண்ணாடியோடு போகாது, பெரும்பாலும் அதன் உருகுநிலை வேறு. கடை ரசீதின் வெப்பத்தாளையும் (சூட்டால் எழுத்து பதியும் பூச்சுத் தாள்) ஒதுக்கிவிடுங்கள்.

பேட்டரி விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருக்கிறேன். குப்பை வண்டியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனி டப்பாவில் போடச் சொல்கிறோம். பிளேடு, ஊசி, நாப்கின் எல்லாவற்றையும் காகிதத்தில் சுற்றி அடையாளம் போட்டுத் தரவேண்டும். அவற்றைக் கையால் எடுக்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். நம் சோம்பலுக்கு அவர்கள் விரல் கிழிவதை என்னால் ஏற்க முடியாது.

இன்னும் சரியாகாத ஒன்று அபராதம். யார் கலந்து போட்டாலும் கட்டடம் முழுவதற்கும் சேர்த்தே விதிக்கிறார்கள்; ஒழுங்காகப் பிரிக்கும் வீடுகள் மனம் விட்டுப்போகின்றன. கடைகளுக்குப் பூட்டுள்ள தனித் தொட்டிகள் கொடுத்து, அட்டைப்பெட்டிகளை மடித்துக் கட்டி வைக்கச் சொன்ன பிறகு கலப்படம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கடையும் வீடும் சேர்ந்த கட்டடம் என்றால் முதல் நாளிலேயே இதைச் செய்துவிடுங்கள்.