தேங்காய்த் தண்ணீர் வினாகிரிக்கு எது? ஓட்டோ சைபனா, வெறும் ட்யூப்பா

தேங்காய் உடைக்கிற இடத்தில் சொல்லி வைத்து, 20 லீற்றர் வாளியில் தேங்காய்த் தண்ணீர் வாங்கி வந்து ஆரையம்பதி வீட்டில் வினாகிரி போடத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. சீனி சேர்த்துக் காய்ச்சி, ஆறவிட்டு, ஈஸ்ட் போட்டு மூடி வைத்தால் ஒரு கிழமையில் நுரைத்து அடங்கும், அடியில் விரல் மொத்தத்துக்கு வெள்ளை மண்டி படியும். அதைக் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, பழைய வினாகிரி கொஞ்சம் விட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்க வேண்டும். சண்டை முழுக்க அந்த மாற்றுகிற இடத்தில்தான். சரித்து ஊற்றினால் மண்டி கிளம்பிவிடும்.

வாளியின் அடியில் டெப் பூட்டுவது ஒரு வழி. இரண்டு முறைதான் செய்து பார்த்தேன், அதனால் பெரிதாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். திறந்தால் வருகிறது, மூடினால் நிற்கிறது, சுகம்தான். ஆனால் டெப்பின் மரைக்குள் ஈஸ்ட் போய் ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவாவிட்டால் நாறும். பித்தளை டெப்பை நினைக்கவே வேண்டாம், வினாகிரி அதை அரிக்கும்.

அப்புறம் ஓட்டோ சைபன், அதாவது மேலே இருக்கிற பாத்திரத்திலிருந்து கீழே இருக்கிற பாத்திரத்துக்குத் திரவத்தை இறக்குகிற, வாயால் உறிஞ்சாமல் தொடங்கக்கூடிய குழாய். கனடாவில் வீட்டில் பியர் போடுகிற மருமகன் வரும்போது கொண்டுவந்தான். “மாமா, இனி ட்யூப்பில வாயே வைக்கத் தேவையில்ல” என்றான். உண்மைதான். பெரிய குழாய்க்குள் சின்னக் குழாய், அதன் நுனியில் ரப்பர் வாஷர், சைக்கிள் பம்ப் மாதிரி ஒருதரம் இழுத்து அமுக்கினால் ஓடத் தொடங்கிவிடும். முதல் ஆறு மாதம் நான் இதற்கு அடிமை. பிறகு ட்யூப்புக்குள் பொடிப் பொடியாகக் குமிழ் வரத் தொடங்கியது, ஓட்டம் பாதியில் அறுந்தது. உள்குழாயை முழுக்கக் கீழே அமுக்கி விட்டால் வாஷர் திரவத்துக்குள் மூழ்கிக் கிடக்கும், காற்றுப் புகாது, அப்படிக் கொஞ்ச நாள் சமாளித்தேன். மேலே ட்யூப் பூட்டுகிற மூட்டிலும் காற்றுப் புகும். ட்யூப் நுனியைச் சுடுதண்ணீரில் முக்கி இளக்கிப் பூட்டினால் இறுகிவிடும்.

குமிழ் கூட எனக்குப் பெரிய குறை இல்லை. கழுவுவதுதான் குறை. ஈஸ்ட் கட்டத்துக்கும் புளித்த வினாகிரிக்கும் நான் அந்த ஒன்றையே பாவித்தேன். வினாகிரியில் ஒரு வழுவழுப்பான ஆடை வளரும், தெரியும்தானே, அது வாஷருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வாளியை ஈஸ்ட் போட்ட கையோடு அந்தச் சைபனால் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். மூன்றாம் நாளே புளித்த மணம். ஈஸ்ட் சீனியைத் தின்று முடிக்கு முன்னமே புளிப்பு ஏறினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும், பிறகு நல்ல காரமான வினாகிரி வராது. 20 லீற்றரும் கானுக்குள் போனது. சரி, கொதிக்கவைத்துக் கழுவுவோம் என்று கொதிநீரை ஊற்றினேன், பிளாஸ்டிக் குழாய் வளைந்துபோனது. வளைந்த பிறகு வாஷர் எங்கே பொருந்தும்? அந்த வாஷர் ஒன்றுக்கு மட்டக்களப்பு டவுன் முழுக்க அலைந்தேன், கிடைக்கவில்லை.

அதனால் இப்போது வெறும் ட்யூப்தான். முதலில் மேசன்மார் மட்டம் பார்க்கிற ட்யூப் வாங்கினேன், காத்தான்குடிக் கடைக்காரர் “என்ன, வீட்டுக்கு லெவல் புடிக்கவா?” என்று கேட்டார். பிளாஸ்டிக் மணம் வினாகிரியில் இறங்கியது, விட்டுவிட்டேன். தண்ணீரில் பழகிப் பார்க்க அது போதும். பிறகு உணவுக்கென்று விற்கிற சிலிக்கன் ட்யூப் கொழும்பிலிருந்து எடுத்தேன், உள்விட்டம் 10 மில்லிமீற்றர், இரண்டு மீற்றர். இதைச் சோற்றுப் பானையில் சுருட்டிப் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடலாம், ஒன்றும் ஆகாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதன் பக்கம். ஈஸ்ட்டுக்கு ஒன்று, வினாகிரிக்கு ஒன்று என்று இரண்டாக வைத்திருக்கிறேன், வினாகிரி ட்யூப்பில் சிவப்பு நூல் கட்டியிருக்கும்.

வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீரால் ட்யூப்பை நிரப்பி (இந்த அளவுக்கு 150 மில்லிலீற்றர் மட்டில் பிடிக்கும்) இரண்டு முனையையும் பெருவிரலால் அடைத்து, ஒன்றை வாளிக்குள், மற்றதைக் கீழே ஒரு கோப்பைக்குள் விட்டால் ஓடும். தண்ணீர் போய்த் தெளிவு வந்ததும் முனையைக் கிள்ளிப் பிடித்துப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். உள்ளே போகும் முனையை நீளக் காம்புள்ள எவர்சில்வர் கரண்டியில் கட்டுவேன், கரண்டிக் குழிக்கு இரண்டு விரல் மேலே. கரண்டி அடியில் நிற்கும், ட்யூப் மண்டியைத் தொடாது. சிலிக்கன் மென்மையானது, வாளி விளிம்பில் மடிந்து அடைபடும். அந்த இடத்தில் தடித்த ஹோஸ் துண்டு ஒன்றை மேலுறையாக மாட்டினால் சரி. ஓட்டம் மந்தமாக இருந்தால் வாளி மேசையிலும் பாத்திரம் தரையிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மேல் வளைவில் குமிழ் சேர்ந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் நுரைப்பு இன்னும் அடங்கவில்லை, இரண்டு நாள் விட்டுத் திரும்ப வாருங்கள். கடைசித் தெளிவுக்காக வாளியைச் சரிப்பதென்றால் முதல் நாளே அடியில் கட்டை வைத்துச் சரித்துவிடுங்கள், நடுவில் அசைத்தால் மண்டி எழும்பும்.

காய வைப்பதுதான் பாடு. மாரி காலத்தில் கொடியில் நடுவால் மடித்துத் தொங்கவிட்டாலும் உள்ளே ஈரம் நிற்கும், கறுப்புப் புள்ளி பிடிக்கும். தங்கூசியில் (மீன் பிடிக்கிற நைலோன் நூல்) சின்ன நட்டு ஒன்றைக் கட்டி ட்யூப்புக்குள் இறக்கி, மற்ற முனையில் கொதிக்க வைத்த பருத்தித் துணித் துண்டைக் கட்டி இழுத்தெடுப்பேன். இரண்டு இழுவையில் துணியில் என்ன வருகிறது என்று பார்த்தாலே ட்யூப்பின் நிலைமை தெரியும். மஞ்சளாக வந்தால் திரும்பப் பானைக்குள்.

மருமகனின் ஓட்டோ சைபன் மீன்தொட்டித் தண்ணீர் மாற்ற நிற்கிறது. குமிழ் விட்டு விட்டு ஓடினாலும் மீனுக்கு அது பரவாயில்லை.