1096 நாள் ஆச்சுன்னு சொல்லி 1,500 டாலர் வாங்கிட்டாரு: கனடா சிட்டிசன்ஷிப் போடப் போறவங்க படிங்க

ஸ்டூடண்டா வந்து பிஆர் (பர்மனென்ட் ரெசிடென்ட், நிரந்தரமா தங்க அனுமதி உள்ளவர்) ஆகி இப்ப சிட்டிசன்ஷிப் போடலாம்னு இருக்கறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டுப் போங்க. எனக்கு 1,500 டாலரும் கிட்டத்தட்ட ஒரு வருஷமும் போச்சு, தப்புல பாதி என் மேலயும் இருக்கு, அதையும் மறைக்காம சொல்லிடறேன்.

நான் வந்தது 2019 ஆகஸ்ட் கடைசில, ரெண்டு வருஷ டிப்ளமோ. 2021 மே மாசம் டிஆர் டு பிஆர்னு, தற்காலிக பெர்மிட்ல இருக்கறவங்கள பிஆர் ஆக்கற ஸ்கீம் ஒண்ணு தொறந்தாங்களே, கிராஜுவேட்ஸுக்கு இருந்த 40,000 இடமும் ஒரு நாள்ல காலியாச்சே, அதுல விடிய விடிய உக்காந்து உள்ள போனவன். பிஆர் ஆனது 2022 மார்ச் 10. இந்தத் தேதிய ஞாபகம் வெச்சுக்கோங்க.

டொராண்டோ ஸ்கார்பரோவுல ஒரு மளிகைக் கடைக்கு மாடில, காசு வாங்கிட்டு சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன் போட்டுத் தர்ற ஒருத்தரோட ஆபீஸ். கூட வேலை பாக்கற பையன் சொல்லித்தான் போனேன். "தம்பிக்கு எந்த ஊரு? லால்குடியா? எங்க பெரியம்மாவ அங்கதான்பா குடுத்திருக்கு"ன்னு ஆரம்பிச்சாரு, அவ்ளோதான், நான் கவுந்துட்டேன். சுவத்துல ஃபிரேம் போட்டு கன்சல்டன்ட் லைசென்ஸ் மாட்டியிருந்துச்சு. அதுல இருந்த பேரு வேற ஆளோட பேருங்கறத நான் பாக்கவே இல்ல. பாத்து கேட்டிருந்தாலும் பார்ட்னர்னு சொல்லியிருப்பாரு, நானும் தலையாட்டியிருப்பேன்.

இப்ப ரூல் என்னன்னு சொல்றேன். அப்ளிகேஷன்ல கையெழுத்துப் போடற தேதிக்கு முந்தின 5 வருஷத்துல 1095 நாள் கனடாவுக்குள்ள உடம்போட இருந்திருக்கணும். பிஆருக்கு முன்னாடி ஸ்டடி பெர்மிட், வொர்க் பெர்மிட்ல இருந்த நாள் ஒவ்வொண்ணும் அரை நாள்தான், அதுவும் எவ்ளோ இருந்தாலும் 365-க்கு மேல எடுத்துக்க மாட்டாங்க. அந்த 5 வருஷத்துல 3 வருஷமாவது டாக்ஸ் ஃபைல் பண்ணியிருக்கணும், பண்ண வேண்டியவங்களா இருந்தா. 2017 அக்டோபருக்கு முன்னாடி இது 6 வருஷத்துல 4 வருஷம்னு இருந்துச்சு, இன்னும் சில பேரு அத வெச்சே பேசிட்டிருக்காங்க.

என் கணக்குல அரை நாள் கிரெடிட் 365 முழுசா வந்துடுச்சு. அப்ப பிஆர் ஆனப்புறம் 730 நாள் வேணும். அவர் என்ன பண்ணாரு, 2022 மார்ச் 10-லேர்ந்து 2024 மார்ச் 9 வரைக்கும் அப்டியே எண்ணி (அந்த வருஷம் பிப்ரவரி 29 வேற) 731, கூட 365, ஆக 1096, "ஒரு நாள் எக்ஸ்ட்ராவே இருக்கு தம்பி, போட்டுரலாம்"னாரு. நான் கேட்டேன், அண்ணே நான் ரெண்டு தடவ ஊருக்குப் போயிட்டு வந்தேனேன்னு. 2022 டிசம்பர் 12 கிளம்பி தங்கச்சி கல்யாணம் முடிச்சு ஜனவரி 14 வந்தேன், அப்புறம் அப்பாவுக்கு பைபாஸ்னு 2023 ஜூலை 3 போயி ஆகஸ்ட் 14 திரும்பினேன். டிக்கெட்டெல்லாம் வாட்ஸப்ல அனுப்பியும் வெச்சிருந்தேன். அதுக்கு அவர் சொன்னது அப்டியே எழுதறேன்: "பிஆர் ஆனப்புறம் ஒரு ட்ரிப்புக்கு 45 நாள் வரைக்கும் லீவு மாதிரி தம்பி, அது கழியாது."

அப்டி ஒரு ரூலே கிடையாதுங்க. போற நாளும் வர்ற நாளும் உள்ள இருந்த நாளா எடுத்துப்பாங்க, அது மட்டும்தான் சலுகை. சனிக்கிழமை பார்டர் தாண்டி அமெரிக்காவுல பஃபலோ போயி ஞாயித்துக்கிழமை திரும்பினா ஒரு நாளும் கழியாது. ஆனா நடுவுல இருக்கற முழு நாள் எல்லாம் கழியும். எனக்கு 32-ம் 41-ம், மொத்தம் 73 போகும். 731-ல 73 போனா 658, கூட 365 சேத்தா 1023. 72 நாள் கம்மி.

கையெழுத்துப் போட்டது 2024 மார்ச் 10, ஞாயித்துக்கிழமை, கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெக்கற நாளு, தூக்கம் கெட்டு மந்தமா போயி உக்காந்தேன். நாள் கணக்கு பிரின்ட் அவுட்ல கடைசிப் பக்கத்த மட்டும் என் பக்கம் திருப்பி 1096-ங்கற இடத்த பேனாவால ரெண்டு வட்டம் போட்டுக் காட்டினாரு. முன்பக்கத்துல வெளிநாட்டுப் பயணம்ங்கற கட்டம் மொத்தமும் காலி. அந்த பிடிஎஃப் அன்னைக்கே என் மெயிலுக்கு வந்துடுச்சு, நான் தொறந்து பாத்தது ஏழு மாசம் கழிச்சு. இதுதான் என் பாதி தப்பு, ஏன்னா கையெழுத்து என்னுது, உள்ள என்ன இருந்தாலும் நான் சொன்னதாத்தான் அர்த்தம்.

டெஸ்ட்ல 20-க்கு 18 வாங்கி (15 போதும்) வீட்ல கேசரி எல்லாம் கிண்டியாச்சு. அக்டோபர்ல இமிக்ரேஷன்லேர்ந்து லெட்டர் வருது, பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும் அனுப்பு, எங்கெங்க போன வந்தன்னு ஃபார்ம் நிரப்புன்னு. பாஸ்போர்ட்ல கனடா ஸ்டாம்ப் இல்லாட்டி தெரியாதுன்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க. 2020-லேர்ந்து பிளேன்ல வெளிய போறதும் பார்டர் ஏஜென்சி கிட்ட பதிவாகுது. நம்ம ட்ராவல் ஹிஸ்டரிய நாமளே ப்ரைவசி ஆக்ட்ல ஃப்ரீயா கேட்டு வாங்கலாம், நான் வாங்கிப் பாத்தப்ப ரெண்டு ட்ரிப்பும் தேதியோட உக்காந்திருக்கு.

அவருக்கு போன் பண்ணா "நீங்கதான தம்பி சைன் பண்ணீங்க"ங்கறாரு. அப்புறம் 200 டாலர் குடுத்து ஒரு வக்கீல் அம்மாவ பாத்தேன். தப்பான தகவல்னு முடிவு பண்ணிட்டாங்கன்னா 5 வருஷத்துக்கு அப்ளை பண்ணவே முடியாதுன்னு அவங்க சொன்னப்பதான் வயித்துல புளியக் கரைச்சுது. உண்மைய எழுதி, அவருக்கு டிக்கெட் அனுப்பின அந்த வாட்ஸப் மெசேஜையும் வெச்சு, அப்ளிகேஷன வாபஸ் வாங்கினேன். 630 டாலர் ஃபீஸ்ல 100 மட்டும் திரும்பி வந்துச்சு, மிச்சம் ப்ராசஸிங்குக்குப் போனது போனதுதான். மே 21 வரைக்கும் பொறுத்திருந்தா 1095 தானா வந்திருக்கும்ங்கறத நினைச்சா இன்னும் எரியுது. நடுவுல அமெரிக்காவுல டெட்ராய்ட்ல ஒரு வேலை, அதுக்கு டிஎன்னு ஒரு வொர்க் விசா வேணும், அது கனடா சிட்டிசனுக்குக் கிடைக்கும், வெறும் பிஆருக்குக் கிடைக்காது, அதுவும் கைய விட்டுப் போச்சு.

இன்னொரு விஷயம், இது நிறைய பேருக்குத் தெரியல. லேட் பண்ணாலும் பழைய அரை நாள் அப்டியே இருக்கும்னு நினைக்காதீங்க, 5 வருஷ ஜன்னல் நகர நகர பின்னாடி இருக்கறது உதிர்ந்துட்டே வரும். பெர்மிட் முடிஞ்சு போயி, ஸ்டேட்டஸ திரும்பக் கேட்டு (ரெஸ்டோரேஷன்) காத்திருந்த நாளெல்லாம் அரை நாள் கூட கிடையாது. பிஆர் ஆன தேதின்னு கார்டு இஷ்யூ ஆன தேதியப் போடாதீங்க, பிஆர் கன்ஃபர்மேஷன் பேப்பர்ல பிஆர் ஆனதா இருக்கற தேதிதான்.

காசு வாங்கிட்டு இந்த வேலை பண்ண வக்கீல், ஒண்டாரியோன்னா லைசென்ஸ் உள்ள பாராலீகல், க்யூபெக்னா நோட்டரி, இல்லாட்டி காலேஜ்ல (படிக்கற காலேஜ் இல்ல, இமிக்ரேஷன் கன்சல்டன்ட்டுகளுக்கு லைசென்ஸ் குடுக்கற அமைப்போட பேரு) பதிஞ்ச கன்சல்டன்ட், இவங்களுக்குத்தான் அனுமதி. கன்சல்டன்ட்னா ஆர்-ல ஆரம்பிக்கற ஒரு நம்பர் இருக்கும், காலேஜோட ரெஜிஸ்டர்ல தேடினா ஆள் பேரோட வரும். நம்ம அண்ணன் பேரு அதுல இல்லவே இல்ல. கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன், பாப்போம்.

2025 ஜனவரில நானே போட்டேன். ஆன்லைன்ல இருக்கற நாள் கணக்கு கால்குலேட்டர்ல தேதியெல்லாம் அடிக்க நாப்பது நிமிஷம் ஆச்சு, ரெண்டு ட்ரிப்பும், பஃபலோ ஷாப்பிங்கும் கூட எழுதினேன். போன வாரம் அந்த மளிகைக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன், மாடில அதே போர்டு, கீழ புதுசா இன்கம் டாக்ஸ்னு ஒரு வரி சேத்திருக்காரு.